பழைய மிரர் டிங்கியை மறுபடி தண்ணீரில் இறக்கினேன்

பழைய மரப்படகு வாங்கினால் முதலில் பெயிண்ட் டப்பாவைத் தொடாதீர்கள். இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த மிரர் டிங்கி என்ற சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினேன். 3.3 மீட்டர் நீளம். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அழுகல் எல்லாம் உள்ளே.

மிரர் சாமானியர்களுக்காகவே பிறந்த படகு. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், டிவியில் வீட்டு மராமத்து வேலைகளைச் செய்துகாட்டிய பேரி பக்னெலும் 1962-ல் உருவாக்கினார்கள். டெய்லி மிரர் பத்திரிகை அதைப் பரப்பியது. அந்தப் பெயரும் சிவப்புப் பாயும் அப்படி வந்தவைதான். பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடியிழை நாடாவை ரெசினால் ஒட்டிவிடுவார்கள். வீட்டில் கட்டக்கூடிய படகை வீட்டிலேயே பழுது பார்க்கலாம் என்ற தைரியத்தில்தான் வாங்கினேன்.

இந்தப் படகின் உயிர் அதன் காற்றறைகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்குவது அவைதான். கரையில் வைக்கும்போது அவற்றின் அடைப்பான்களைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே தங்கும் ஈரம் பலகையைத் தின்றுவிடும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் எல்லா இடத்திலும் குத்திப் பார்த்தேன். பின்னறையின் அடிப்பலகையில் முனை அப்படியே இறங்கியது.

நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்தேன். அப்புறம் காயவிட்டேன். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் அதுதான், ஆனால் எபாக்சி என்ற, இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பசை ஈர மரத்தில் பிடிக்காது. புதுத் துண்டு 5 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், அதாவது படகுக்கென்றே வரும் ஒட்டுப்பலகை. பழைய பலகையின் ஓரத்தையும் புதியதன் ஓரத்தையும் தடிமனைப்போல் எட்டு மடங்கு, அதாவது 40 மில்லிமீட்டருக்குச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினேன். எபாக்சி சீக்கிரம் இறுகட்டும் என்று, அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூட்டி ஊற்றவே கூடாது. விகிதம் பிசகினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். இறுகியபின் மேலே படியும் மெழுகுபோன்ற படலத்தைத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். தேய்க்கும்போது நல்ல மாஸ்க் கட்டாயம். எபாக்சிக்கு வெயிலும் ஆகாது, அதனால் மேலே பெயிண்டோ வார்னிஷோ வேண்டும். பெயிண்டுக்கு முறை வருவது இங்கேதான்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை செய்தேன். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, அடைப்பான் துளையில் டியூப் வைத்து வாயால் மெதுவாக ஊதினேன். ஒரு பக்க அறையில் குமிழி வந்தது. அங்கே நாடாவை உரித்துப் புதிதாக ஒட்டினேன்.

ரட்லண்ட் வாட்டர் ஏரியில் இறக்கினோம். மிரரின் பாய்மரம் குட்டையானது. பாயின் மேற்பகுதியைத் தாங்கும் கழி அதை ஒட்டி மேலே ஏறும். கழற்றினால் எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். கரையோரமாகவே வேண்டுமென்று கவிழ்த்தோம். அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையின்மேல் ஏறி நின்று சாய்ந்ததும் படகு நிமிர்ந்துவிட்டது. கரையேற்றி அடைப்பான்களைத் திறந்து பார்த்தால் நாலு அறையிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சரி, பாய் மட்டும் பழையதுதான். துணி தொய்ந்திருப்பதால் காற்றை எதிர்த்து ஏறுவதற்குத் திணறுகிறது. அடுத்த செலவு அதற்குத்தான்.