தோட்டாவின் விட்டம் மாறும்போது

இந்திய ராணுவம் 1990களில் இன்சாஸ் துப்பாக்கியை ஏற்றபோது, அதுவரை பயன்படுத்திவந்த 7.62×51 மிமீ (விட்டம் 7.62, உறையின் நீளம் 51) தோட்டாவுக்குப் பதிலாக இலகுவான 5.56 மிமீ தோட்டாவுக்கு மாறியது. இன்றோ, சிக் 716 துப்பாக்கி வழியாக அந்தப் பழைய தோட்டாவும், அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகும் ஏகே-203 துப்பாக்கி வழியாக 7.62×39 மிமீ தோட்டாவும் காலாட்படைக்கு வந்திருக்கின்றன.

தூரத்து இலக்கைப் பலமாகத் தாக்கும் தோட்டா வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. ஆனால் 5.56 மிமீ தோட்டா ஒன்று ஏறத்தாழ 12 கிராம் என்றால், 7.62×51 அதைப் போல இரு மடங்கு கனக்கும். மலையேறும் வீரரின் முதுகு இந்தக் கணக்கை நன்கு அறியும். அமெரிக்கத் தரைப்படை 2022இல் தேர்ந்தெடுத்த 6.8 மிமீ துப்பாக்கியிலும் இதே சிக்கல்தான்: முன்பு 30 தோட்டாக்கள் கொண்ட ஏழு மேகசின்களில் (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டிகளில்) 210 தோட்டாக்களைச் சுமந்தவர், இப்போது இருபது இருபதாக 140 மட்டுமே சுமக்கிறார்.

இதைவிட என்னை உறுத்துவது வழங்கல்தான். சிக் 716, ஏகே-203 இரண்டின் தோட்டாக்களுக்கும் 7.62 என்றே பெயர். ஆனால் உறையின் நீளத்தில் 12 மிமீ வேறுபாடு இருப்பதால் ஒன்றின் துப்பாக்கியில் மற்றொன்று பொருந்தாது. ஆகவே, ஒரே படைப்பிரிவுக்குள்ளாவது ஒரே தோட்டா என்பதை முதலில் உறுதிசெய்த பிறகே புதிய விட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து.