பிரென் கேள்விக்கு ஒரு மளிகைச் சீட்டு

நேற்று ரிசல்ட் வந்தது. எம்.ஏ. இடைக்கால ஐரோப்பா தாளில் 71. போன முறை இதே தாளில் 38, அரியர். இரண்டு முறையும் பெரிய கேள்வியாக வந்தவர் ஒருவரே: பெல்ஜிய வரலாற்றாசிரியர் ஆன்ரி பிரென்.

ரோம உலகின் வணிகத்தை முடித்தது ஜெர்மானியக் குடிகள் அல்ல, பின்னால் வந்த அரபுகளே என்பது அவர் கோட்பாடு. போன முறை அதை மதிப்பிடச் சொன்னார்கள். நான் அவர் கதையை எழுதினேன். அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. 1862இல் வெர்வியே என்ற கம்பளி ஆலை ஊரில் பிறப்பு, அப்பாவே ஆலைக்காரர். 1886 முதல் கென்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். முதல் உலகப் போரில் ஒரு மகனைப் பறிகொடுத்தார். பெல்ஜியத்தைப் பிடித்திருந்த ஜெர்மானியர் பல்கலைக்கழகத்தை மீண்டும் திறக்கப் போட்ட திட்டத்துக்கு ஒத்துழைக்க மறுத்ததால் 1916இல் அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜெர்மனியின் ஹோல்ஸ்மிண்டன் முகாமில் ரஷ்யக் கைதிகளிடமே ரஷ்ய மொழி கற்றார். பிறகு கிராய்ட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் கையில் நூலகம் இல்லாமல், நினைவிலிருந்தே ஐரோப்பிய வரலாறு எழுதினார்.

இதுவே மூன்று பக்கம் போய்விட்டது. கோட்பாட்டுக்கு ஆறு வரி. அதிலும் ரோமைக் கவிழ்த்த ஜெர்மானியக் குடிகளின் படையெடுப்புகள்தான் வணிகத்தை அழித்தன என்று எழுதிவைத்தேன். அவர் சொன்னதற்கு நேர் எதிர்! திருத்தியவரைக் கொஞ்ச நாள் திட்டினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

இந்த முறை வாழ்க்கைக்கு இரண்டே வரி. மீதியெல்லாம் மளிகைச் சீட்டு மாதிரி நான்கு சரக்குகள்: பாப்பிரஸ் (எகிப்து நாணலில் செய்த எழுதுதாள்), பட்டு, நறுமணப் பொருள், தங்க நாணயம். எனக்கு மனப்பாடம் வராது, பொருள் பெயர் என்றால் நிற்கும். மேற்கில் ரோமப் பேரரசு விழுந்த பிறகும் மெரோவிஞ்சிய மன்னர்களின் (இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்கு வம்சம்) அலுவலகத்தில் எகிப்து பாப்பிரஸ் இருந்தது, தங்க நாணயமும் புழங்கியது. அதாவது மத்தியதரைக்கடல் வணிகம் சாகவில்லை. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் அரபுகள் அந்தக் கடலின் பெரும்பகுதிக் கரையைப் பிடித்த பிறகே நான்கும் மறைந்தன என்கிறார் பிரென். பாப்பிரஸ் இடத்தில் எழுதும் தோல், தங்கத்தின் இடத்தில் வெள்ளி, வணிகத்தின் இடத்தில் நிலம். ஆகவே முகமது இல்லாமல், 800இல் பேரரசராக முடிசூடிய பிராங்கு மன்னர் சார்லமேன் இல்லை.

சீட்டு கையில் இருந்தால் பின்னால் வந்த ஆய்வாளர்களின் மறுப்பும் தானாக வரும், ஒவ்வொரு சரக்காக அடித்துக்கொண்டே போகலாம்:

- லோபஸ் (1943): நான்கும் ஒரே சமயத்தில் மறையவில்லை.
- டென்னட் (1948): அரபுகள் வணிகத்தைத் தடுக்கவே இல்லை.
- ஹாட்ஜஸ், வைட்ஹவுஸ் (1983): அகழாய்வுச் சான்றுகளின்படி, அரபுகள் வருமுன்பே வணிகம் தேய ஆரம்பித்துவிட்டது.

வருடங்களில் வழுக்காதீர்கள். கோட்பாட்டின் முதல் கட்டுரை 1922. அவர் இறந்தது 1935. 'முகமதுவும் சார்லமேனும்' நூல் வந்தது 1937. 1925இல் வந்த 'இடைக்கால நகரங்கள்' வேறு விஷயம். 11ஆம் நூற்றாண்டில் வணிகம் மீண்டு, கோட்டை மதிலுக்கு வெளியே வணிகர்கள் குடியேறியதில் நகரம் பிறந்த கதை அது. இரண்டையும் ஒரே விடையில் குழப்பி என் தோழி மார்க் இழந்தாள்.

இந்திய வரலாற்றுத் தாளுக்கும் இந்தச் சீட்டு உதவும். வரலாற்றாசிரியர் ஆர்.எஸ். சர்மா 1965இல் எழுதிய 'இந்திய நிலப்பிரபுத்துவம்' நூலிலும் தூர வணிகம் தேய்வது, நாணயம் அருகுவது என்று இதே மாதிரியான தர்க்கம்தான்.

குறிப்புகளை நான்கு கலரில் எழுதுபவர்களுக்கு என் வழி ஒத்துவராமல் போகலாம். சரி, அவரவர் பாடு.

எழுதி முடித்தபோது ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. மனசு கேட்கவில்லை, முகாமில் ரஷ்ய மொழி கற்றதையும் ஒரு வரி சேர்த்துவிட்டே பேப்பரைக் கொடுத்தேன்.