காதெலும்புத் தூளும் கடல் தாண்டிய சொற்களும்

தொல்லெலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் ஆய்வகத்தில் முதல் எதிரி, எலும்பைக் கையில் பிடித்திருப்பவர்தான். ஒரு தும்மல் போதும், 3,000 ஆண்டு எலும்பில் நேற்றைய மனிதரின் டி.என்.ஏ. ஏறிவிடும். முழு உடலுறை, இரட்டைக் கையுறை, பிளீச் போட்டுத் துடைத்த மேசை எல்லாம் அதற்காகத்தான்.

தேடுவது உள்காதைப் பொதிந்திருக்கும் எலும்பை. உடம்பிலேயே மிக அடர்த்தியான இடங்களில் அதுவும் ஒன்று. மற்ற எலும்புகளைவிட 100 மடங்குவரை கூடுதலாக டி.என்.ஏ. தரும். துளைக்கருவியை வேகமாக ஓட்டினால் சூடேறி, இருக்கிற கொஞ்சமும் சிதைந்துபோகும். நிதானமாகச் சுரண்டி 50 மில்லிகிராம் தூள் சேர்த்தால் போதும். சுண்ணச்சத்தைக் கரைக்க ஈ.டி.டி.ஏ., புரதத்தை அறுக்க புரோட்டினேஸ் கே; ஓரிரவு ஊறிய பின் டி.என்.ஏ.வைச் சிலிக்காவில் ஒட்டவைத்துக் கழுவியெடுக்க வேண்டும். தூளே போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் கூடவே போகும். அதில் டி.என்.ஏ. தென்பட்டால் அன்றைய தொகுதி முழுவதும் சந்தேகத்துக்குரியதுதான்.

கிடைப்பவை பெரும்பாலும், ஏ, சி, ஜி, டி என்ற டி.என்.ஏ. எழுத்துகளில் 100க்கும் குறைவானவற்றைக் கொண்ட துணுக்குகள். அவற்றின் முனைகளில் 'சி' இருக்கவேண்டிய இடம் 'டி' என்று வாசிக்கப்படும். இந்தப் பழுது தெரிந்தால் டி.என்.ஏ. பழையதுதான் என்று நிம்மதி; தெரியாவிட்டால்தான், புதியது கலந்துவிட்டதோ என்று கவலை. வெப்ப நாடுகளில் பழுது எல்லை மீறிவிடுகிறது. அரியானாவிலுள்ள சிந்துவெளி நகரமான ராக்கிகடியில் 60 மாதிரிகளுக்கு மேல் சோதித்தும், மரபணுத் தரவு தேறியது ஒன்றில்தான்.

அந்த வகையில், பசிபிக்கின் வனுவாட்டுவில் விடை கிடைத்ததே பெரிய காரியம். எஃபாடே தீவின் தியோமா இடுகாடு 2003இல் வெளிப்பட்டது. அங்கே கிடப்பவர்கள் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன், பல்வரிசை அச்சுக் குத்திய லப்பிதா பானைகளோடு வந்த முதல் குடிகள். 2016இல் வெளியான முடிவுகளின்படி அவர்கள் தைவான், பிலிப்பைன்ஸ் வழிவந்தவர்கள். நியூகினிப் பகுதியின் பழங்குடிகளான பப்புவா மக்களின் கலப்பு ஏறக்குறைய இல்லை. இன்று அதே தீவுகளில் பப்புவா வழி மரபே மிகுதி. 2018இல் வந்த ஆய்வுகள், அந்தக் கலப்பு சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாகக் காட்டின.

இந்த இடத்தில் காலக்கணிப்பு சறுக்கினால் கதையே தலைகீழாகிவிடும். எலும்பின் வயதைக் கணிப்பது அதிலுள்ள கார்பனை வைத்துத்தான்; கடலில் பழைய கார்பன் தேங்கியிருப்பதால், மீன் தின்று வாழ்ந்தவரின் எலும்பு சில நூறு ஆண்டுகள் மூத்ததாகக் காட்டும். திருத்தாமல் விட்டால் பின்னால் வந்தவர் முன்னால் வந்தவராகிவிடுவார்.

ஆட்கள் மாறினார்கள்; பேச்சு மாறவில்லை. இன்றும் அங்குள்ள 100க்கும் மேற்பட்ட மண்ணின் மொழிகள் அனைத்தும் முதல் குடிகள் கொண்டுவந்த, மலாயும் சேர்ந்த ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பம்தான். புதியவர்கள் சிறுசிறு கூட்டமாகத் தலைமுறைகள்தோறும் வந்து, இருந்தவர்களின் மொழிக்குள் கரைந்தார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். பானை, மொழி, இரத்தம் மூன்றுக்கும் வரைபடத்தில் ஒரே அம்புக்குறி போடுவது சோம்பல். 1980இல் விடுதலை பெற்றபோது சூட்டிய நாட்டுப்பெயரில் இருக்கும் 'வனுவா' என்றால் நிலம். மலாயில் அதே சொல் 'பெனுவா'.