மீண்டும் செய்

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த சேரைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். அவர் மறைந்த செய்தி வந்த அன்றே "ஒளியேற்றிய ஆசான்", "அணையா விளக்கு" என்று அஞ்சலிகள் குவிந்துவிட்டன. சேர் அவற்றை வாசித்திருந்தால் "அலைநீளம் எத்தனை நனோமீற்றர்?" என்று கேட்டிருப்பார். அதனால் நான் விளக்கை விட்டுவிட்டு, ஒளிக்கற்றைகளின் கோணத்தை அளக்கும் திருசியமானியைப் பற்றி எழுதுகிறேன். கணிதப் பிரிவில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைப் பாடவேளை, பாதி சாத்திய யன்னல், முதலில் சிவந்து பிறகு மெல்ல மஞ்சளாகும் சோடியம் விளக்கு. பார்வைத்துண்டைக் குறுக்குக் கம்பிக்குக் குவி. தொலைக்காட்டியை யன்னலுக்கு வெளியே தூரப்பொருளுக்குக் குவி. பிறகுதான் பிளவின் ஒளியைச் சமாந்தரமாக்கும் நேர்வரிசையாக்கி, அதன் பிறகுதான் அரியம் என்ற முக்கோணக் கண்ணாடியை வைக்கும் மேசையின் மூன்று திருகுகள். ஒழுங்கு மாறினால் அவர் ஒன்றும் பேசமாட்டார். எல்லாத் திருகுகளையும் கலைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அந்த அமைதிக்குப் பயந்த அளவு நாங்கள் அதிபரின் பிரம்புக்குப் பயந்ததில்லை.

அரியத்தின் கோணம் அளக்கும் செய்முறை அது. என் விடை 60 பாகை. கொஞ்சமும் கூடக் குறைய இல்லை. கொப்பியை மேசையில் வைத்துவிட்டு மார்பை நிமிர்த்தி நின்றேன். சேர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அரியத்தை மேசையில் ஒரு விரலளவு நகர்த்தினார்.

"இப்ப அள."

முழு வகுப்பும் சுற்றி நின்றது. அளந்தேன். வேறு விடை வந்தது. "ஏன் ராசா, அரியம் தேய்ஞ்சு போச்சோ?" என்றார். வகுப்பு சிரித்து முடியும்வரை காத்திருந்து, சிவப்பு மையால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, "மீண்டும் செய்" என்று எழுதினார்.

பிளவிலிருந்து வரும் ஒளி சமாந்தரக் கற்றையாக இருந்தால் அரியம் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் கோணம் மாறாது. சமாந்தரம் இல்லையென்றால் அரியத்தை எங்கே வைக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். இதைத்தான் அவர் காட்டினார். எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்த குழு நேர்வரிசையாக்கியின் திருகைத் தொட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று நான் இன்றும் வாதாடத் தயார். கேட்கத்தான் இப்போது ஆள் இல்லை.

அந்த ஆய்வுகூடத்தில் லேசர் கிடையாது. ஆனால் 1960இல் பௌதிகவியலாளர் மைமன் மாணிக்கக் கல்லிலிருந்து எடுத்த முதல் லேசர் ஒளியைப் பற்றிச் சேர் பாதிப் பாடவேளை பேசுவார். லேசர் விரியவே விரியாது என்று யாரோ சொல்லப்போக, 1969இல் அப்பலோ 11 சந்திரனில் வைத்துவிட்டு வந்த, ஒளியைத் திருப்பி அனுப்பும் தெறிகருவியைப் பேச்சுக்கு இழுத்தார். இங்கிருந்து அனுப்பும் கற்றை அங்கே போய்ச் சேரும்போது கிலோமீற்றர் கணக்கில் அகலமாகியிருக்கும் என்றார். "பூரண சமாந்தரம் புத்தகத்திலதான். நாங்கள் கிட்டப் போகலாம், அவ்வளவுதான்."

ஓய்வு பெற்ற பிறகு பேத்திக்காக, விழும் பந்தின் வேகத்தை அளக்க ஓர் ஒளி வாயில் செய்ய இறங்கினேன். மேலும் கீழுமாக இரண்டு லேசர்க் கற்றைகள், எதிரே ஒளியை உணரும் இரண்டு ஒளியிருவாயிகள். பந்து மேல் கற்றையை மறைத்ததும் நேரம் ஓடத் தொடங்கும், கீழ்க் கற்றையை மறைத்ததும் நிற்கும். முதலில் கையில் கிடந்த எல்.டி.ஆர் என்ற மந்தமான ஒளியுணரியைப் போட்டேன், பந்து தரையில் உருண்ட பிறகுதான் அதற்கு விழிப்பு வரும். செக்கனுக்கு மூன்று மீற்றர் வேகத்தில் விழும் சின்னப் பந்து கற்றையை மறைப்பது ஏழெட்டு மில்லிசெக்கன். ஒளியிருவாயிக்கு அது தாராளம். நேரம் எண்ணும் ஆர்டுயீனோ என்ற சின்ன மின்னணுப் பலகையும் நான்கு மைக்ரோசெக்கன் படிகளில் நேரம் சொல்லும். ஆக, நேரத்தில் குறை இல்லை. பாடு முழுவதும் இரண்டு கற்றைகளையும் சமாந்தரமாக்குவதில்.

ஒரு கட்டையில் இரண்டு நேர்த்தியான துளைகள் போட்டு, 650 நனோமீற்றர் சிவப்பு லேசர் இரண்டைச் செருகினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். லேசரைத் துளைக்குள்ளேயே உருட்டிப் பாருங்கள். சுவரில் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் வட்டம் போடும். பித்தளை உறையின் அச்சு ஒன்று, அதிலிருந்து வரும் கற்றையின் அச்சு இன்னொன்று. துளை எத்தனை சுத்தமாக இருந்தும் பலனில்லை.

சரி, ஒரே லேசரைப் பிரிப்போம் என்று போனேன். 45 பாகையில் ஒரு கண்ணாடித் தகடு. பெரும்பங்கு ஒளி ஊடுருவி நேரே போகும், சிறு பங்கு தெறித்து மேலே போகும். மேலே அதே சாய்வில் ஒரு தளவாடி அதை மறுபடி நேர்த்திசைக்குத் திருப்பும். தகடும் ஆடியும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருந்துவிட்டால், இரண்டும் பொருத்திய சட்டம் கொஞ்சம் கோணினாலும் கற்றைகள் சமாந்தரமாகவே இருக்கும். ஆடி மட்டும் கோணினால் கற்றை அதைப்போல் இரண்டு மடங்கு கோணும். லேசரை உருட்டினால் தெறித்த புள்ளி மங்கும், பிறகு பிரகாசிக்கும். இருவாயி லேசரின் ஒளி முனைவாக்கப்பட்டது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது அல்லவா? பிரகாசம் கூடிய நிலையில் இறுக்கிவிட வேண்டியதுதான். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல்: லேசரின் வாயை நேரே பார்க்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியில் தெறித்து நினையாத மூலையில் வந்து நிற்கும் புள்ளியைத்தான் முதலில் தேடி, கறுப்பு மட்டையால் மறைக்க வேண்டும்.

தகடு தடிப்பாக இருந்தால் தெறித்த புள்ளி இரண்டாகத் தெரியும். முன் முகத்தில் தெறித்தது ஒன்று, பின் முகத்தில் தெறித்தது மற்றது. 45 பாகையில் இடைவெளி ஏறக்குறைய தடிப்பின் முக்கால் பங்கு. முகங்கள் சமாந்தரமென்றால் இந்தக் கற்றைகளும் சமாந்தரம். ஒரு திருகையும் தொட வேண்டாம். ஒளிமுறிவுச் செய்முறையில் ஊசி குத்திக் குத்தி நாங்கள் அலுத்துப்போன அந்தக் கண்ணாடிக் குற்றிக்குள் இப்படி ஒரு சங்கதி இருந்திருக்கிறது. பந்துக்கு இந்த இடைவெளி போதாது என்பதால் பழைய முறைக்கே திரும்பினேன்.

பேத்தி போட்ட பந்துகளின் நேரங்களிலிருந்து ஈர்ப்பு ஆர்முடுகல் 9.8 என்று வந்தது. அவள் கைதட்டினாள். எனக்கு மட்டும் என்னவோ செய்தது. லேசர்ப் பக்கமாக விழுந்த பந்தை ஒரு மீற்றர் தள்ளி, ஒளியிருவாயிப் பக்கமாகப் போடச் சொன்னேன். 9.4.

லேசருக்குக் கிட்டே 100 மில்லிமீற்றராக இருந்த இடைவெளி ஒளியிருவாயிக்குக் கிட்டே 102 ஆகியிருந்தது. கணக்கில் நான் போட்டது 100. வேகத்தில் இரண்டு வீதம் குறையும், ஆர்முடுகலுக்காக வேகத்தின் வர்க்கம் எடுக்கும்போது நான்கு வீதம். பேத்திக்கு ஏமாற்றம். "9.8 தானே சரி, அதையே எழுதுவோமே" என்றாள். அரியம் தேய்ந்த கதையை அவளுக்குச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த ஆசிரியர் பொல்லாதவர் என்றாள். அதையும் மறுக்க முடியவில்லை. தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் தனியே சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன் என்று சொல்பவர்கள் நம் சங்கத்தில் உண்டு. பதினேழு வயதில் முழு வகுப்புக்கு முன் நின்றவர்கள் அல்ல அவர்கள்.

பிறகு கிட்டே ஒரு தடவை, பத்து மீற்றர் தள்ளி ஒரு தடவை என்று இடைவெளியை அளந்து ஆடியின் திருகுகளைச் சரிசெய்தேன். அங்கே ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அவ்வளவு தூரத்தில் புள்ளியே ஒரு சென்ரிமீற்றருக்கு விரிந்துவிடுகிறது. நடு எது என்று குனிந்து தேடும்போது சேரின் "கிட்டப் போகலாம்" காதில் விழும்.

அந்தச் செய்முறையை நான் மீண்டும் செய்யவில்லை. இரண்டாம் வருடம் பாதியில் எனக்கு வெளிநாட்டுப் பயணம் சரிவந்துவிட்டது. விடுகைப் பத்திரத்தோடு ஆய்வுகூட வாசலில் நின்றபோது சேர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பக்கம்?" வந்து முடித்துத் தருகிறேன் என்றேன். அவரும் தலையாட்டினார். பிறகு ஊருக்குப் போன சமயங்களில் நூற்றாண்டு விழா மேடை இருந்தது, கல்யாணங்கள் இருந்தன. அவர் வீட்டுப் பக்கம் போக நேரம் இருக்கவில்லை. ஆய்வுகூடத்துக்குக் கருவி வாங்க என்று சங்கம் கேட்டபோதெல்லாம் காசு அனுப்பினேன். மிச்சமிருந்த அந்தச் செய்முறை ஒரு மாலை வேலைகூட இல்லை.

என் மேசைக் கூட்டாளி போகவில்லை. படித்து, அதே ஆய்வுகூடத்துக்கே ஆசிரியராக வந்து, அங்கேயே ஓய்வும் பெற்றான். சேரின் இறுதிக் கிரியைகளுக்குப் பிறகு தொலைபேசியில் பேசும்போதுதான் சொன்னான்: நான் போன அடுத்த கிழமை அவன் தனியாக அந்தச் செய்முறையைச் செய்து, இரண்டு பேர் பெயரையும் போட்டுக் கொடுத்தானாம். 59 பாகை 52 கலை. சேர் என் பெயரைப் பார்த்தாராம், வெட்டவில்லையாம், கையெழுத்துப் போட்டாராம்.

ஒளி வாயிலின் படத்தை அவனுக்கு அனுப்பினேன். ஆடியின் திருகுகளை எப்படி இறுக்கினாய், இறுக்கும்போது ஆடி அசையவில்லையா என்று கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி, அசையும். எழுதி விளங்கப்படுத்துவது கஷ்டம் என்றேன். அப்படியென்றால் நீயே கொண்டு வந்து பூட்டிக் காட்டு என்கிறான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் மாதம் கேட்கிறான்.