பணிந்தார், பணித்தார்

பணிந்தார், பணித்தார். ஓர் எழுத்துதான் வேறு, ஆள் இடம் மாறிவிடுகிறார். முன்னவர் தலை தாழ்த்துகிறவர், பின்னவர் கட்டளையிடுகிறவர். அரசு அலுவலகக் கோப்பில் இரண்டு பேரையும் சேர்த்தே பார்க்கலாம். கீழிருந்து மேலே போகும் கடிதம் 'பணிந்தனுப்பப்படுகிறது'. மேலிருந்து வரும் சுற்றறிக்கையில் ஊழியர்கள் 'பணிக்கப்படுகிறார்கள்'. அதனால் ஒருவரை மடக்கி வழிக்குக் கொண்டுவந்ததைச் சொல்ல 'பணித்தார்' உதவாது. 'பணியவைத்தார்' என்றே எழுத வேண்டும்.

வேற்றுமை உருபையும் கவனிக்கணும். 'இறைவனைப் பணிந்தான்' என்றால் வணக்கம், சந்தேகமே இல்லை. 'கு' வந்தால்தான் சிக்கல். 'பெரியவர் சொல்லுக்குப் பணிந்தான்' மரியாதை. 'மிரட்டலுக்குப் பணிந்தான்' தோல்வி. எதற்கு என்பதைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள முடியும். வேடிக்கை என்னவென்றால், வினைச்சொல்லில் உள்ள இந்தக் கறை 'பணிவு' என்ற பெயர்ச்சொல்லில் ஒட்டவே இல்லை. பயந்து அடங்கிப்போனவனை யாரும் 'பணிவானவன்' என்பதில்லை.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. கேட்டதற்குச் சம்மதிப்பது இணங்குதல். தனக்கு உரியதைத் தானே விடுவது விட்டுக்கொடுத்தல். அதற்கு எதிராளி பெரியவராக இருக்க வேண்டியதில்லை, தம்பிக்கும் விட்டுக்கொடுக்கலாம். கீழ்ப்படிய மேலே ஒருவர் வேண்டும். 'இவ்வளவு பெரிய பதவியிலும் கீழ்ப்படிகிறார்' என்றால் உடனே 'யாருக்கு?' என்று கேட்கத் தோன்றும். 'இவ்வளவு பெரிய பதவியிலும் என்ன பணிவு!' என்றால் அந்தக் கேள்வியே எழாது. 'பணியுமாம் என்றும் பெருமை' என்கிறது குறள் (978). பணிகிற ஆளாக அங்கே நிற்பது சிறியவர் இல்லை, பெரியவர்.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 'நான் பணிவானவன்' என்றதுமே பணிவு போய்விடுகிறது. செயலோடு சேர்த்தால் சரியாக இருக்கும்: 'பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்'. ஆனால் 'பணிவான எச்சரிக்கை' என்று எழுதுகிறவர்கள் ஒன்று பணியட்டும், இல்லை எச்சரிக்கட்டும்.

கடித முடிவில் வரும் 'பணிவன்புடன்', பணிவு + அன்பு + உடன். வயதில் இளையவருக்கு எழுதினால் 'அன்புடன்' போதும். மூன்று சுழி 'ண' முக்கியம். 'பனிவன்புடன்' என்று கையெழுத்திட்டால் மார்கழிக் குளிர்தான் வரும்.