மரம் ஏன் ‘மாம்’ ஆகிறது: டிஸ்லெக்சியா பிள்ளையோடு மூன்றாம் வகுப்பு முதல் பொதுத்தேர்வு வரை

பிள்ளைக்கு டிஸ்லெக்சியா, அதாவது அறிவில் குறை இல்லாமல் வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு, இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முதல் வேலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவது. மரம், கொடி, பந்து, தம்பி, வண்டி, பள்ளி, மேசை, பூனை என்று பிள்ளைக்கு நன்றாகப் பழகிய சொற்களாக இருபது சொல்லி எழுதவையுங்கள். சிவப்பு மை வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். பிள்ளை போனபிறகு அந்த நோட்டில் தேதி போட்டு, இடப்பக்கம் சரியான சொல், வலப்பக்கம் அவன் எழுதியது என்று அப்படியே எடுத்தெழுதுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதைச் செய்தால் மூன்று மாதத்தில் ஆறு பட்டியல் கையில் இருக்கும். மருத்துவமனை, பள்ளி, தேர்வு விண்ணப்பம் என்று இனி எங்கே போனாலும் இந்த நோட்டுதான் முதலில் பேசும். ‘சரியா படிக்கமாட்டேங்கிறான்’ என்று வாயால் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

பிழைகளை எண்ணுவதைவிட வகை பிரிப்பது முக்கியம். தம்பி ‘தபி’ ஆகிறதா, பந்து ‘பத்து’ ஆகிறதா? இது ஒலிப் பிழை. நடுவில் இருக்கும் மெல்லின மெய்யைப் பிள்ளையின் காது தனியாகப் பிரித்துப் பிடிக்கவில்லை. மரம் ‘மாம்’ என்று வந்தால் அது உருவப் பிழை: ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் இருக்கிற வித்தியாசம் அடியில் ஒரு சிறு சாய்கோடு மட்டும்தான். கொடி ‘கெடி’ ஆவதும், மேசை ‘மசே’ ஆவதும் வரிசைப் பிழை. வாயில் முதலில் வருவது ம், பிறகு ஏ. ஆனால் கை முதலில் இரட்டைக்கொம்பைப் போட்டாகவேண்டும். கொ, கோ என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில். கண்ணும் காதும் எதிரெதிராக இழுக்கிற இடம் இது. பள்ளி ‘பல்லி’ ஆவதும், வண்டி ‘வன்டி’ ஆவதும் எந்த எழுத்து என்ற நினைவு சம்பந்தப்பட்டவை.

பள்ளியில் அதிகம் திட்டு வாங்குவது கடைசி வகைக்குத்தான். அதைத்தான் கடைசியில் கவனிக்கவேண்டும். ல, ள, ழ பெரியவர்களே தடுமாறுகிற இடம், அது காத்திருக்கலாம். ஒலிப் பிழை நிறைய இருக்கும் பிள்ளைக்கு வேறெதைச் சொல்லிக்கொடுத்தாலும் நிற்காது. இம்போசிஷன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். தப்பான உருவம் கையில் ஏறிய பிள்ளையை ஐம்பது தடவை எழுதச்சொன்னால் ஐம்பது தடவையும் அந்தத் தப்பைத்தான் பழகுகிறான். மூன்றாவது வரியிலிருந்து மேல்வரியைப் பார்த்துப் படம்தான் வரைகிறான்.

நம் பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் உண்டு. டிஸ்லெக்சியா பிள்ளையையும் அதில்தான் சேர்த்துவிடுவார்கள். சேர்த்தால் கிடைப்பது மாலை நேர வகுப்பும் நாலு கேள்வியை மனப்பாடம் பண்ணவைக்கும் கையேடும். இந்தப் பிள்ளைக்குத் தேவை அது இல்லை. பாடத்தைப் படித்துக்காட்டினால் கேள்விக்கு வாயால் பதில் சொல்கிறானா என்று பாருங்கள். அறிவியல் பாடத்தை வாசித்துக் கேட்டபிறகு ‘வேர் எதுக்கு?’ என்றால் நன்றாகச் சொல்லி, அதையே எழுதச்சொன்னால் இரண்டு வரிக்கு மேல் நகராத பிள்ளை என்றால், சந்தேகத்தை அடுத்த படிக்குக் கொண்டுபோகவேண்டும்.

அடுத்த படி உளவியல் பரிசோதனை இல்லை, கண்ணும் காதும். கண் மருத்துவரிடம் தூரப்பார்வையோடு கிட்டப்பார்வையையும் பார்க்கச்சொல்லுங்கள், புத்தகம் இருக்கிற தூரம் அதுதான். காதுக்கு ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுக்கவேண்டும். இந்த இரண்டு சீட்டும் இல்லாமல் போனால் பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள், அப்படி அனுப்புவதும் சரிதான்.

பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் ஒரு வழி. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதே வேலையில் இருக்கிறது. தனியாரிடம் போனால் செலவு சில ஆயிரம் ஆகும். அப்படிப் போகும்போது அறிக்கை தருபவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர்தானா, பதிவு எண் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத அறிக்கையைச் சான்றிதழ் தரும் மருத்துவக் குழு கையில் வாங்காது.

இரண்டு கட்டமாகச் சோதிப்பார்கள். முதலில் நுண்ணறிவு ஈவு (ஐக்யூ). 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறையில் ஈவு 85க்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டம் என்று இருந்தது. 2024இல் புது நெறிமுறை வந்துவிட்டது, இப்போதைய வரம்பைச் சோதிக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 85 வரம்பின்படி எழுபதுக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவில் வருகிற பிள்ளை கற்றல் குறைபாட்டுப் பக்கமும் இல்லை, அறிவுசார் குறைபாட்டுப் பக்கமும் இல்லை. சான்றிதழ் எதுவும் இல்லாமல் அதே வகுப்பில் அதே கஷ்டத்தோடு உட்கார்ந்திருப்பான், அவனுக்கு வீட்டுப் பயிற்சிதான் கதி. இரண்டாம் கட்டத்தில் பெரும்பாலும் பெங்களூரில் இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 5 முதல் 7 வயதுக்கு ஒரு நிலை, 8 முதல் 12 வயதுக்கு ஒரு நிலை. வாசிப்பு, எழுத்து, கணக்கு, கவனம், கேட்டதை நினைவில் வைப்பது எல்லாம் பார்ப்பார்கள்.

இங்கே நடக்கிற பெரிய தவறு மொழி. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலப் பத்தி வாசிக்கச்சொன்னால் தோற்கத்தான் செய்வான், அதிலிருந்து எதுவும் தெரியாது. பயிற்று மொழியிலேயே சோதிக்கவேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். காலையில், சாப்பிட்டபிறகு, காய்ச்சல் சளி இல்லாத நாளில், கண்ணாடி போடும் பிள்ளை என்றால் கண்ணாடியோடு போகவேண்டும். ‘நல்லா பண்ணு கண்ணு’ என்று சொல்லிச் சொல்லி முந்தின நாள் பயிற்சி கொடுக்காதீர்கள். போகும்போது பிழை நோட்டு, பள்ளி நோட்டு இரண்டு, கடைசி மூன்று தேர்வின் விடைத்தாள் எல்லாம் பையில் இருக்கட்டும்.

டிஸ்லெக்சியாவும் அடங்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில்தான் முதல்முறையாக 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக இடம்பெற்றது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் அட்டைக்குமான விண்ணப்பம் மத்திய அரசின் ‘ஸ்வாவலம்பன்’ இணையதளத்தில் போடவேண்டும். படம், ஆதார், முகவரிச் சான்று ஏற்றி, மருத்துவமனையைத் தேர்வு செய்தால் அங்கே மருத்துவக் குழு பார்க்கும். குழந்தைநல மருத்துவரும் உளவியலாளரும் அந்தக் குழுவில் இருப்பார்கள். எல்லாம் முடிந்து அட்டை வரும் நேரத்தில் சிக்குவது இனிஷியல். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் இரண்டு எழுத்து என்று இருந்தால் பத்தாம் வகுப்பில் அது பெரிய தலைவலி. விண்ணப்பிக்கும் முன்பே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். 2018 நெறிமுறையில் 8 வயதில் ஒரு மதிப்பீடு, 14இல் ஒன்று, 18இல் ஒன்று என்று இருந்தது, இப்போதைய விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்படி கடைசியில் பெறுவதுதான் வாழ்நாளுக்கும் செல்லும். 14 வயது என்பது சரியாக ஒன்பதாம் வகுப்பில் வந்து விழும். பழைய சான்றிதழ் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

இத்தனைக்கும் மாதக்கணக்கில் ஆகும். வாசிப்புப் பயிற்சி அதற்காகக் காத்திருக்கக்கூடாது. சந்தேகம் வந்த வாரமே தொடங்கலாம், டிஸ்லெக்சியா இல்லை என்று பின்னால் தெரிந்தாலும் நஷ்டம் இல்லை. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது.

முதல் ஐந்து நிமிடம் நாணயம். புத்தகம், பென்சில் எதுவும் இல்லை. மேசைமேல் பெரிய நாணயம் நாலு, சின்ன நாணயம் நாலு. புள்ளி வைத்த மெய்க்குச் சின்னது, மற்றதுக்குப் பெரியது. நீங்கள் ‘தம்பி’ என்று சொல்கிறீர்கள். பிள்ளை த என்று சொல்லிப் பெரியதை நகர்த்தி, ம் என்று உதட்டை மூடிச் சின்னதை நகர்த்தி, பி என்று பெரியதை நகர்த்தவேண்டும். பெரும்பாலும் இரண்டு பெரிய நாணயத்தோடு நிறுத்திவிடுவான். ‘தப்பு’ என்று சொல்லாமல் அவன் நகர்த்தியதைத் தொட்டுத்தொட்டு ‘த… பி’ என்று படித்துக்காட்டுங்கள். ‘தபியா? ஐயே, தம்பி!’ என்று அவனே சிரித்து நடுவில் சின்ன நாணயத்தைச் செருகுவான். அந்தச் செருகல்தான் பாடம். ஒரு நாளைக்கு ஆறு சொல் போதும். நாணயம் பிழையில்லாமல் நகரத் தொடங்கியபிறகு அதே நாணயத்துக்குக் கீழே எழுத்தை எழுதவையுங்கள்.

அடுத்த ஐந்து நிமிடம் தட்டு. எவர்சில்வர் தட்டில் ரவையோ மணலோ ஒரு விரல்மொத்தத்துக்குப் பரப்பி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு குடும்பம்: கெ, கே, கை. விரலால் எழுதும்போதே வாயும் சொல்லவேண்டும். ‘கொம்பு போடு, க போடு, கெ’ என்று வரிசையைச் சொல்லிக்கொண்டே எழுதினால் மேசை ‘மசே’ ஆவது ஒன்றிரண்டு மாதத்தில் குறையும். வாய் மூடியிருந்தால் இந்தப் பயிற்சியில் பிரயோசனம் இல்லை. உகர வரிசையை அவசரப்படுத்தாதீர்கள். கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசாக வளைவதால் ஒன்றைக் கற்றவனுக்கு அடுத்தது தானாக வராது, ஒவ்வொன்றையும் புது எழுத்தாகவே நினைத்துக் கொடுக்கவேண்டும்.

ண, ன, ந குழப்பத்துக்குச் சுழி எண்ணச்சொல்வதைவிட நம் பழைய பெயர்களே நல்ல மருந்து. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். மெய்யாக வரும்போது பக்கத்தில் ட இருந்தால் ண், ற இருந்தால் ன், த இருந்தால் ந். வண்டி, கன்று, பந்து. கண்ணால் நினைவு வைக்கமுடியாத பிள்ளைக்குப் பக்கத்து எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

மீதி நேரம் வாசிப்பு. எட்டு வரிப் பத்தி ஒன்று, அதையே மூன்று நாள். ஒரு அட்டையில் ஒரு வரி அகலத்துக்குச் சன்னல் வெட்டி வைத்துக்கொண்டால் மேல்வரி கீழ்வரி கண்ணில் படாது. பிள்ளை ‘வந்துவிட்டான்’ என்பதை ‘வந்துட்டான்’ என்று படித்தால் திருத்தாதீர்கள். அவன் பொருளைப் பிடித்துவிட்டான், வீட்டுப் பேச்சில் சொல்கிறான், அவ்வளவுதான். தமிழில் வாசிக்கக் கற்பவனுக்கு இந்தக் கூடுதல் சுமை எப்போதும் உண்டு, எழுத்துநடையை வாரத்துக்கு இரண்டு கதை நீங்கள் வாசித்துக்காட்டித்தான் காதில் ஏற்றவேண்டும். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை அவனே வாசித்துத்தான் படிக்கவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மாநிலப் பாடநூலில் இருக்கும் க்யூஆர் குறியீட்டில் காணொளி இருக்கிறது. கைபேசியும் இப்போது தமிழை வாசித்துக்காட்டும்.

கணக்குக்கு ஒன்றே ஒன்று: கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்புங்கள். கோடுகள் நெடுக்காக நின்று ஒன்று, பத்து, நூறு என்று பத்தி பிரித்துக்கொடுக்கும். கடன் வாங்கிக் கழிக்கும்போது இலக்கங்கள் நகர்ந்துபோய் வரும் தப்பில் பாதி இதிலேயே ஓடிவிடும்.

பள்ளியிடம் பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது. நாலு போதும்: முன்வரிசை இடம், முன்னேற்பாடு இல்லாமல் வகுப்பில் எழுப்பி வாசிக்கவைக்காமல் இருப்பது, கரும்பலகையிலிருந்து எழுதுவதற்குப் பதில் இன்னொரு பிள்ளையின் நோட்டை நகலெடுக்க அனுமதி, மொழி அல்லாத பாடங்களில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பது. தலைமையாசிரியருக்குக் கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ‘இதெல்லாம் சலுகை, எங்க இஷ்டம்’ என்று பதில் வந்தால் அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16, 17ஆம் பிரிவுகளைக் காட்டலாம். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிவது 16இல் இருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு எல்லாம் 17இல் பெயர் சொல்லியே இருக்கின்றன. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் உண்டு, அவரைக் கேட்டு வரவழையுங்கள். பிழை நோட்டை வகுப்பாசிரியரிடம் காட்டும்போது கடைசிப் பட்டியலை மட்டும் காட்டாமல் முதல் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிள்ளை நகர்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் ஆசிரியரும் ஒரு அடி நகர்வார்.

மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் பலர் விழித்துக்கொள்வது ஒன்பதில். அப்போது ஓடினால் நேரம் போதாது. மாநிலப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதும் ஆசிரியர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை கிடைக்கும். சிபிஎஸ்இயில் மணிக்கு இருபது நிமிடம் என்ற கணக்கு, மூன்று மணித் தேர்வுக்கு அதே ஒரு மணி. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக மேலே போகவேண்டும். ஜூனிலேயே கொடுத்துவிட்டு, பெயர்ப்பட்டியல் தயாராகும்போது பிள்ளையின் பெயருக்கு நேரே சலுகை பதிவாகியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சொல்லி எழுதவைப்பது தனி வித்தை. பழகாத பிள்ளை ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ‘அவ்வளவுதான் மிஸ்’ என்பான். எழுதுபவர் தன் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கக்கூடாது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டிலிருந்தே பழக்குங்கள். கேள்வியை இரண்டு தடவை வாசிக்கச்சொல்லிக் கேட்க, விரல்விட்டு மூன்று குறிப்பு எண்ண, பிறகு ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு வாக்கியம் சொல்ல, ‘புதுப் பத்தி’ என்றும் சொல்ல, கடைசியில் முழுதும் வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்க. பத்துப் பன்னிரண்டு மாதிரித் தேர்வு இப்படி நடந்திருந்தால் தேர்வறையில் புது ஆசிரியர் முகத்தைப் பார்த்தாலும் வாய் திறக்கும். எழுதுபவர் வேண்டாம், நேரம் மட்டும் போதும் என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு. டிஸ்கிராஃபியா, அதாவது கையால் எழுதுவதிலேயே வரும் குறைபாடு, இல்லாதவன் அப்படிக் கேட்டால் விட்டுவிடுங்கள். நாலு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரவேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி, தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.