சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் மாறாது, நேரம் மாறும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு சுமார் 15,350 கிலோமீட்டர். உலகின் மிக நீளமான இடைநில்லா விமானப் பாதைகளில் இதுவும் ஒன்று.

இந்தத் தூரத்தை ஒரு தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளுக்கும் இடையே கிட்டத்தட்ட 178 பாகை வித்தியாசம். பூமி உருண்டையில் ஒன்றுக்கொன்று முதுகுப்பக்கம் இருப்பதால், மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. சிங்கப்பூர் 1.36 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து துருவத்துக்கு 88.64 பாகை. நியூயார்க் 40.64 பாகை வடக்கில். துருவத்திலிருந்து அதற்கு 49.36 பாகை. மொத்தம் 138. பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 8,280 கடல் மைல். அதை 1.852ஆல் பெருக்கினால் 15,335 கிலோமீட்டர் வரும்.

ஆனால் நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் இந்த வழியில் போவதில்லை. ஜப்பான் பக்கமாக ஏறி, வட பசிபிக்கைக் கடந்து போகும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று அங்கே பின்னாலிருந்து தள்ளும். காற்றின் உதவியில்லாமல் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 15,350 கி.மீ. பறக்க 17 மணி நேரம் ஆகும். பின்காற்று சராசரியாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிடைத்தால், 16,500 கி.மீ. சுற்றிப் போனாலும் பதினாறரை மணியில் முடிந்துவிடும். தூரத்தை 900ஆல் வகுத்து நேரம் சொல்லும் இணையக் கணிப்பான்கள் தவறுவது இங்கேதான். காற்று பருவத்துக்குப் பருவம், நாளுக்கு நாள் மாறும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் இன்னும் கூடுதலாக இருக்கும், சுமார் பதினெட்டரை மணி. கேட்டிலிருந்து கிளம்பி ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கியபின் மறுபடி கேட்டுக்கு வருவது எல்லாம் அதில் சேர்த்தி.

கடிகாரக் கணக்கில் கவனம் தேவை. நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் ஆனால், சிங்கப்பூரில் அப்போது மாலை 6.40. குளிர்காலத்தில் அதிலிருந்து 13 மணி நேரம் கழியுங்கள்: நியூயார்க்கில் அதே தேதியில் காலை 5.40. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மட்டும் கழித்தால் போதும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கு ஓட்டுவது ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்; இருக்கைகள் 161தான். பிசினஸ், பிரீமியம் எகானமி மட்டுமே உண்டு. சாதாரண எகானமி வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் ஃபிராங்க்ஃபர்ட் வழி விமானத்தைப் பாருங்கள். அங்கே நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். நேர்கோட்டில் நியூயார்க் சுமார் 13,500 கி.மீ.தான், சிங்கப்பூர் வழியாகப் போனால் 18,000ஐத் தாண்டிவிடும். வளைகுடா அல்லது ஐரோப்பா வழியே பாருங்கள்.